ஏர்பிளாஸ்டில் தூங்கிய பிள்ளை

குணசேகர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஜோசபின் வாயால். கோலார் தங்கவயலில் எங்கள் லைன்காரி அவள். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். நான் கல்யாணமாகி பெங்களூர் ஒக்கலிபுரத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஜோசபின் தினமும் காலை ரயிலில் வேலைக்கு வருவாள். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் வழியில் என் வீட்டு வாசலில் நின்று ஊர்ச் சேதி சொல்லிவிட்டுப் போவாள்.

"யக்கா, உன் தம்பி சீனு புள்ளைக்குப் பேர் வச்சாச்சு. குணசேகராம். ஆனா லைன்ல ஒருத்தரும் அப்படிக் கூப்பிடல. பாறைன்றாங்க."

"ஏன்டி, பச்சப் புள்ளயப் போயி பாறைன்னு?"

"நேத்து ஏர்பிளாஸ்ட் அடிச்சுதுக்கா. எங்கூட்டு அலமாரில இருந்த அண்டா குண்டான் அத்தினியும் கீழ. எல்லாரும் தெருவுக்கு ஓடியாந்துட்டோம். பெத்தவ, உன் எல்லம்மா, புள்ளய மறந்துட்டு ஓடியாந்துட்டா. திரும்பி உள்ள போயிப் பார்த்தா தூளியில அது பாட்டுக்குத் தூங்கினிருக்குது. கெழவனுங்க எல்லாம் வந்து பார்த்துட்டு, கோவிந்தன் திரும்பி வந்துட்டான்டான்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிப்பதைத்தான் எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். குண்டு போட்டது போலச் சத்தம் வரும்; வீடு குலுங்கும். அந்தச் சத்தத்துக்கு நாய்கூட மூத்திரம் விட்டுக்கொண்டு ஓடும்.

கோவிந்தன் என்பது எங்கள் அப்பா. சுரங்கத்தில் பாறையில் துளை போடும் மெஷின் பிடித்தவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் கீழே பாறை முறிகிற சத்தம் கேட்டது. கூட இருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள். அவர் மட்டும் மெஷினை விடாமல் நின்றார். மேலே இருந்த பாறை இறங்கிவிட்டது. "நீங்க போங்கடா, நான் பார்த்துக்கிறேன்னு நின்னான்யா. மனுசனா அவன், பாறை" என்று ஓடிவந்தவர்கள்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து எங்களுடையது பாறைக் குடும்பம்.

சீனு என் கடைசித் தம்பி. எல்லம்மா என் தங்கை ருக்மிணியின் மகள். அக்காள் மகளைத் தாய்மாமனுக்கே கட்டினோம். எங்களில் அதுதான் முதல் உரிமை. ஆகையால் குணசேகர் எனக்குத் தம்பி மகன், என் தங்கைக்குப் பேரன். மருமகனே என்றும் கூப்பிடலாம், பேராண்டி என்றும் கூப்பிடலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தது ஒரே கோவிந்தன் ரத்தம் என்று எங்கள் வீட்டில் பெருமை பேசுவோம்.

அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில், பக்கத்தில் நின்று தொண்டை கிழியப் பேசினால் ஏதோ கொஞ்சம் விழும். தூளி அன்றைக்கும் ஆடியிருக்கும், தினமும் ஆட்டுகிற தூளிதானே. சத்தம் மட்டும்தான் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. இது எங்களுக்குத் தெரியவந்தது அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகு. அதற்குள் அவனைப் பாறை பாறை என்று சொல்லியே வளர்த்து முடித்திருந்தோம்.

சுரங்கத்தை மூடியதும் சீனு குடும்பத்தோடு ஒக்கலிபுரத்துக்கே வந்துவிட்டான். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. குணசேகர் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. எல்லம்மாவுக்குப் பெரிய தொண்டை. அவள் தெருமுனையில் பேசினால் ஸ்டேஷனில் கேட்கும். பிள்ளை பேசக் கற்றுக்கொண்டது அந்தத் தொண்டையால்தான் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் லைன்காரர்கள் எல்லாரும் உரக்கப் பேசுகிறவர்கள். பாதிப் பேருக்கு மெஷின் சத்தத்தில் காது மங்கிப்போய், கத்திப் பேசுவதே வீட்டு வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்காததை யார் கண்டுபிடிப்பது?

ஒருநாள் சாயங்காலம் அவன் ரயில் பாதை ஓரமாக நடந்து வந்தான். பின்னால் இன்ஜின் ஊதிக்கொண்டே வருகிறது. அவன் கல்லை உதைத்தபடி நடக்கிறான். பாதை தாண்டி வந்த பூக்காரர் ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடி அவனை இழுத்துத் தள்ளினார். எல்லம்மா ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டதும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "பார்த்தியா, திரும்பிக்கூடப் பார்க்கல. எங்க தாத்தா ரத்தம்" என்றாள்.

பூக்காரர் கன்னடக்காரர். "ரத்தம்லாம் சரிம்மா, ரயிலுக்கு அது கொத்தில்லையே, தெரியாதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவனை மந்தம் என்றார்கள். போர்டில் எழுதிப் போட்ட கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுவான். டீச்சர் வாயால் சொல்லி எழுதச் சொன்னால் பேப்பர் வெறுமையாக இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திரும்பினால் டீச்சர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். "முறைக்கிறான், திமிர்" என்று அடித்தார்கள். அவன் பார்த்தது உதட்டை. சீனு போய் டீச்சரிடம், "எங்க பையன் அப்படித்தான் மேடம், தலைக்குள்ள பாறை, படிப்பு ஏறாது, ஆனா சிங்கம்" என்று சொல்லிவிட்டு வந்தான். சொல்லச் சொல்ல குணசேகருக்கும் அந்தத் திமிர் வந்தது. யாராவது பேசுவது புரியாவிட்டால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து எதிரில் இருப்பவன் விலகிக்கொள்வான். அப்படி விலக விலக அவன் இன்னும் நிமிர்ந்தான்.

அவனுக்கு அடுத்துப் பிறந்தவள் ஷோபா. அவள் காது நல்ல காது. தீபாவளி வெடிக்குத் தூளியில் வீறிட்டு அழுதாள் என்று பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாய்க்குத் தனியாக அனுப்ப மாட்டார்கள், மாடிப்படியில் ஓடவிட மாட்டார்கள். அவள் பி.காம் படித்து ஆபீசுக்குப் போகிறாள். இன்றைக்கும் ரோடு தாண்ட யார் கையையாவது தேடுவாள். ஒரே வயிறு, ஒரே கோவிந்தன் ரத்தம். நாங்கள் வாயால் ஒருத்தனைப் பாறை ஆக்கினோம், ஒருத்தியைப் பஞ்சு ஆக்கினோம். உள்ளே என்ன இருந்தது என்று யார் கண்டது?

குணசேகர் போய்ச் சேர்ந்த வேலையும் அப்படிப்பட்டதுதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைக்கிற வேலை. ஒரு பலகை, இடுப்பில் பெல்ட், பக்கெட். மொட்டை மாடியில் ஒருவன் நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வான். காற்று எழும்பினாலோ மேகம் திரண்டாலோ விசில் அடிப்பார்கள். தொங்குகிறவர்கள் உடனே இறங்கிவிட வேண்டும். அந்த விசில்தான் அந்த வேலைக்கு உயிர்.

மேலே நிற்கிறவன் ஞானசேகரன், எங்கள் லைன் பையன். குணசேகர் முதல் நாளே அவனிடம், "மச்சா, விசில்லாம் நமக்கெதுக்கு? சுரங்கத்துல ஆளுங்க போற கூண்டு இறக்க நம்ம தாத்தனுங்க மணிக்கயிற இழுக்கல? அது மாதிரி கயிற இழு. ஒண்ணு இழுத்தா நில்லு, ரெண்டு இழுத்தா இறங்கு" என்றானாம். ஞானசேகரனுக்கு அது பிடித்துப்போயிற்று. தங்கவயல் பெருமை அல்லவா! மற்றவர்கள் கேலி செய்தாலும் இவர்கள் இருவரும் கயிற்றாலேயே பேசிக்கொண்டார்கள். ஞானசேகரன் லீவு போட்டால் குணசேகரும் வயிற்று வலி என்று போட்டுவிடுவான். நண்பனை விட்டுப் பிரியமாட்டான் என்று சொன்னோம்.

ஆனேக்கல்லிலிருந்து மோனிகாவைக் கட்டிக்கொண்டு வந்தான். துணிக்கடையில் வேலை பார்த்த பெண், வாய் துடுக்கு. வந்த சில வாரத்தில் என் வீட்டுக்கு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பெரியத்தை, உங்க மருமகன்கிட்ட ஒரு வேலை பண்ணேன். சோறு தின்னுனு இருந்தாரு. பின்னால நின்னு, டேய் எருமைன்னேன். திரும்பல. டேய் சொட்டத்தலைன்னேன். திரும்பல. உங்கம்மா ஒரு ராட்சசின்னேன். சோத்தைப் பெசஞ்சுனே இருக்காரு."

நான் சிரித்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்புறம் குக்கர் மூடியத் தரையில போட்டேன் பெரியத்தை. வேணும்னே. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா. அவரு பார்க்கல." கையைப் பிசைந்தாள். "கயித்துல தொங்கறவரு. மேல விசில் அடிக்கிறாங்கன்னு சொல்றாங்களே."



மாமியாரிடம் போய்ச் சொன்னாள். எல்லம்மாவின் கத்தல் தெருமுனை வரை வந்தது. "வந்து ஒரு வருஷம் ஆகல, எம் புள்ளயச் செவுடுன்றியா? ஏர்பிளாஸ்ட்லயே அசையாதவன்டி அவன்! உன் குக்கர் மூடிக்குத் திரும்புவானா? எங்க வம்சத்துல குறை கண்டுபுடிக்க வந்துட்டா ஆனேக்கல் மகாராணி."

மோனிகா தனக்குத் தலைவலி என்று பொய் சொல்லி அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன். அங்கே போய்த்தான் காது பார்க்கிற டாக்டரம்மா அறை என்று அவனுக்குத் தெரிந்தது. கோபப்படவில்லை. கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். அவன் சரியாகத் தூக்கினான். ஒன்றுவிடாமல் தூக்கினான். மோனிகாவின் முகம் மலர்ந்தது. டாக்டரம்மாவுக்கு மட்டும் என்னவோ சந்தேகம். எழுந்து வந்து அவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அதன் பிறகு அவன் விரல் எழவே இல்லை. அதுவரை அவன் பார்த்தது, டாக்டரம்மா கை பட்டனை அழுத்துவது எதிர்க் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்ததை. கண்ணாடியைப் பார்த்தே பிழைக்கிறவன்.

"பொறவிலருந்தே இப்படிம்மா" என்றார் டாக்டரம்மா. "அப்பா அம்மா சொந்தமா?"

"தாய்மாமன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். இரண்டு பக்கமும் ஒரே குறையை ஒளித்து வைத்திருந்தால், சொந்தத்தில் கட்டும்போது அது பிள்ளையிடம் வந்து சேரும் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது கேட்காமல் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு எங்கள் அம்மா நினைவுக்கு வந்தாள். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட அம்மா ஒருநாளும் குரல் கொடுத்ததில்லை. எழுந்து போய்த் தோளைத் தொடுவாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதால் அப்படிச் செய்கிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அப்பாவுக்குக் கேட்காமல் போனது பிறவியிலா, மெஷினாலா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா. இனி யாரும் சொல்ல முடியாது" என்றார். பிறகு குணசேகரைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்து, உயரத்தில் வேலை செய்யக்கூடாது, காதுக்கு மெஷின் வைத்தாலும் காற்றில் விசில் கேட்காது என்று நிதானமாகச் சொன்னார். அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும் மோனிகாவிடம் சொன்னது ஒன்றுதான்: "யார்கிட்டயும் வாயத் திறக்காத."

அவன் தொடர்ந்து வேலைக்குப் போனான். மோனிகா காலையில் வாசல்வரை வந்து வானத்தைப் பார்ப்பாள். பெங்களூர் வானத்தை நம்ப முடியாது. சித்திரை மாதத்தில் மதியம் வரை வெயில் கொளுத்தும், டீ குடித்து முடிப்பதற்குள் கறுத்துவிடும்.

அப்படி ஒரு சித்திரையில் ஞானசேகரன் அவன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஆள் இல்லை, நீ வந்தே ஆகவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மேலே புதிதாக ஒருவன் நின்றான். மதியம் மேகம் ஏறியதும் அவன் விசில் அடித்தான். ஊதி ஊதி வாய் வலித்தது என்று பிறகு சொன்னானாம். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். குணசேகர் கண்ணாடியைப் பார்த்து நுரை துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு உள்ளே ஆபீசில் ஒரு பெண் எழுந்து நின்று கையை ஆட்டினாள். அவள் உதட்டைப் பார்த்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் காற்று வந்துவிட்டது. பலகையோடு அவனைத் தூக்கித் தூக்கி அடித்தது. கயிறு முறுக்கிக்கொண்டது. கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பை நகத்தால் பிடித்துக்கொண்டு, மழை நிற்கும்வரை தொங்கினான். தோள் எலும்பு நகர்ந்துவிட்டது.

ஆபீசில் இருந்தவர்கள் அதைப் போனில் வீடியோ எடுத்திருந்தார்கள். யாரோ பாட்டுச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். புயலுக்கு அஞ்சாத தொழிலாளி என்று பேர். எல்லாரும் இறங்கிய பிறகும் ஒருவன் மட்டும் வேலையை விடாமல் நிற்கிறான், இடி இடிக்கும்போது சிரிக்கிறான் என்று ஊரெல்லாம் பார்த்தது. கம்பெனியில் சால்வை போட்டார்கள். சீனு அந்த வீடியோவைப் பார்க்காத ஆளில்லை என்று ஆக்கிவிட்டான். "எங்கப்பன்டா! எங்கப்பன்டா!" என்று தொடையில் தட்டிக்கொள்வான்.

நானும் பார்த்தேன். ஷோபா போனைப் பிடித்துக் காட்டினாள். அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் கூடிப் பேசும்போது, என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் வாயைத் திறந்தபடி நிற்பானே, அந்த முகம் அது.

தோள் கட்டோடு இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். மோனிகா அப்போது முழுகாமல் இருந்தாள். பாறைப் பேரன் வரப்போகிறான் என்று எல்லம்மா தெருவில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் அவனை வெளிச்சத்தில் எதிரே உட்காரவைத்து அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அம்மா தோளைத் தொட்டு எழுப்பியதைச் சொன்னேன். அவ்வளவு பெரிய மெஷின் சத்தத்தில் நீங்க போங்கடா என்று அவர் சொன்னதை யாரால் கேட்டிருக்க முடியும் என்று கேட்டேன். ஓடிவந்தவர்களுக்கு அப்படி ஒரு கதை வேண்டியிருந்தது, நமக்கும் வேண்டியிருந்தது என்றேன்.

"அத்தே, மெதுவா சொல்லு" என்றான். திரும்பவும் சொன்னேன்.

"எனக்குச் சின்னதுலருந்தே தெரியும் அத்தே, காது இல்லன்னு" என்றான். "நீங்க எல்லாம் அத வேற ஏதோன்னு சொன்னீங்க. நல்லா இருந்துச்சு."

"பயமா இல்லையாடா உனக்கு?"

"பயமா!" அவன் குரல் எப்போதும்போல உரக்க வந்தது. "எனக்கு எல்லாமே பின்னாலருந்து வருது அத்தே. வண்டி, நாயி, மனுசன், எல்லாம். ஒண்ணும் சொல்லிட்டு வர்றதில்ல. தெனம் சாகறேன். கயித்துல இருக்கறப்பதான் பின்னால யாரும் வரமாட்டாங்க."

"காத்து வந்துதே."

என் உதட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பிவிட்டால் நாம் என்ன சொன்னாலும் அவனுக்குப் போகாது.

நான் எல்லம்மாவிடம் போனேன். அவள் சொல்லி அவன் கேட்பான் என்று நினைத்தேன். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் சொன்னேன். எல்லம்மா கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பெரிம்மா, நீ சொல்றது நெஜமா இருந்தா எம் புள்ள யாரு? வேலை போனா அப்புறம் செவுடன்தான். தெருவுல செவுடான்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப அவன் பாறை" என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞானசேகரனுக்கு மோனிகாவே விஷயத்தைச் சொன்னாள். அவன் வந்து குணசேகர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "டேய், இத்தினி வருஷமா உன் உயிர எங்கையில குடுத்துட்டு எங்கிட்டயே சொல்லலியேடா! நான் ஒருநாள் டீ குடிக்கப் போயிருந்தா?" அழுதான். சூப்பர்வைசரிடம் சொல்லப்போகிறேன் என்றான். குணசேகர் அவன் காலைப் பிடித்துக்கொண்டான். ஞானசேகரன் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு கேப் ஓட்டப் போய்விட்டான்.

வீடியோ பார்த்த இன்னொரு கம்பெனிக்காரர்கள் குணசேகரைத்தான் கேட்டார்கள். அங்கே எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே உயரமான புதுக் கட்டடம் எழுந்திருக்கிறது. மேற்கே திரளும் மேகம் அங்கிருந்து தெரியாது என்று பயந்த ஆட்கள் கிழக்குப் பக்கம் இறங்க மறுக்கிறார்களாம். புயலில் நின்ற ஆள் இருக்கிறானே, அவனை வரச் சொல் என்றார்களாம். தோள் கட்டுப் பிரித்த வாரத்தில் அவன் கிளம்பினான். மோனிகா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனான். அவள் பின்னாலேயே பேர் சொல்லிக் கத்திக்கொண்டு பாலம்வரை ஓடினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. அவனுக்கு முதுகுதான் அவள் பக்கம் இருந்தது.

மோனிகா ஆனேக்கல்லில் தாய் வீட்டில் இருக்கிறாள், வயிற்றுப் பிள்ளைக்கு இது ஏழாவது மாதம். கயிற்றை விட்டு இறங்கினால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். இன்று மதியத்திலிருந்து மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. குணசேகர் எலெக்ட்ரானிக் சிட்டியில், அந்தப் புதுக் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில், கயிற்றில் இருக்கிறான்.